மாத்தி வச்ச வயர்

பிரீனாவைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் சித்தப்பா, "மோளுக்கு என்ன ஜோலி?" என்று கேட்டார். "திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனியில டிரைவர் டீம்ல இருக்கா" என்று அவள் அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சித்தப்பா வாய்வரை கொண்டுபோன முந்திரிக்கொத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, "பஸ்ஸா, லாரியா?" என்றார். அங்கே விழுந்து விழுந்து சிரித்தது மாப்பிள்ளை எட்சன் ஒருவன்தான். அந்தச் சிரிப்புக்காகவே பிரீனா அவனைக் கட்டிக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் எழுத்தும் படமும் கிடக்கிற இடம் டிஸ்க். அந்த டிஸ்க்கை மேய்க்கிற சில்லு கண்ட்ரோலர். கண்ட்ரோலரோடு பேசத் தெரிந்த புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். பிரீனாவின் வேலை என்னவென்றால், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மிஷினிலிருந்து வேண்டுமென்றே வயரைப் பிடுங்குவது, கரண்டை வெட்டுவது, பிறகு டிரைவர் எப்படியெல்லாம் கத்துகிறது என்று எழுதி வைப்பது. மூன்று வருடம் இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? கொடுத்தார்கள். டிரைவர் போடும் ஒவ்வொரு கூச்சலுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும்.

பிறகு கல்யாணம், குழந்தை. எட்சன் மஸ்கட்டுக்குப் போனான். பிரீனா வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான புதுக்கடைக்கு வந்தாள். ஆறு வருடமாக டாக்டர் ஜெயசிங்கின் ஸ்கேன் சென்டரில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் போடுகிறாள், ரிப்போர்ட் டைப் அடிக்கிறாள். அவளுக்கு வேறு என்ன தெரியும் என்று அந்தச் சென்டரில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கேட்காதவர்களிடம் போய் நான் இன்னார் என்று அளந்துகொண்டிருக்கிற ஜாதி இல்லை பிரீனா.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே வாசலில் ஒரு டாக்சி நின்றது. உள்ளே பெஞ்சில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். மடியில் ஒரு துணிப்பை, அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் அவர் புருஷன் முருகதாஸ், நெற்றியில் அய்யாவழிக்காரர்களின் நீண்ட வெள்ளை நாமத்தோடு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"மக்ளே, இவளுக்க பழைய ஸ்கேன் வேணும்" என்றார் முருகதாஸ். "கொரோனா சமயத்துல இங்கதான் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். இப்பம் நெஞ்சுக்குள்ள ஒரு கட்டி இருக்காம். பன்னெண்டு மில்லிமீட்டராம். திருவனந்தபுரத்துல டாக்டர் சொல்லுதாரு, நாலு வருஷத்துக்கு முன்னயே இதே அளவுல இருந்திருந்தா தொடண்டாமாம். இல்லாட்டி நாளைக்குக் காலையில நெஞ்சைத் தொறக்கணுமாம். மூணு மணிக்கு டாக்டரு பாப்பாரு. நாங்க பன்னெண்டு மணிக்காவது இங்கேருந்து எறங்கணும்."

"அப்பம் குடுத்த ஃபிலிம் இல்லியா அண்ணாச்சி?" என்று கேட்டாள் பிரீனா.

முருகதாஸ் தரையைப் பார்த்தார். சண்முகவடிவுதான் பதில் சொன்னார். "ஆஸ்பத்திரியிலருந்து வந்த பை, துணி, செருப்பு எல்லாத்தையும் கொரோனா ஒட்டியிருக்கும்னு சொல்லி தென்னந்தோப்புல போட்டுக் கொளுத்திட்டாவ. ஃபிலிமும் சேந்து எரிஞ்சுது. என்னையும் கொளுத்தாம விட்டாவளே, அதுவே பெரிசு."

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் பிரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கென்ன, நம்ம சர்வர்ல இருக்கும்மா. ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டரைப் போட்டாள். பட்டியல் வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. பின்னறைக்குப் போனாள்.

பின்னறையில்தான் சர்வர். ஏழு வருடத்து ஸ்கேன் படங்கள் அத்தனையும் அதில். அங்கே ஏசி கெட்டு ஒரு மாதமாகிறது. சூடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எதிரே ஒரு டேபிள் ஃபேனை வைத்திருந்தார்கள். திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று ஒரு வரி, அடுத்த வரியில் பிழை, மறுபடி 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்'. டிஸ்க்கோடு பேச்சு அறுந்துவிட்டது, மறுபடி இணைக்கப் பார்க்கிறேன் என்று டிரைவர் போடும் கூச்சல் அது.

பத்து வருடத்துக்கு அப்புறம் அந்த வரியைப் பார்க்கிறாள். பயந்திருக்க வேண்டும், நியாயமாகப் பார்த்தால். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமே, அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. காணாமல் போன கூட்டுக்காரியைச் சந்தையில் பார்த்த சந்தோஷம் அது. அதற்காகத் தன்னையே ஒரு முறை திட்டிக்கொண்டு, "என்னட்டி செய்யுது ஒனக்கு?" என்று மிஷினிடம் கேட்டாள்.

"நேத்து சாயங்காலமே போச்சு மக்ளே" என்று பின்னாலிருந்து லீலாபாய் சொன்னார். சென்டரைத் தூத்துத் துடைத்து, வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சாயாவும் கொடுத்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். "நீ அஞ்சு மணிக்கு மோளைக் கூப்பிடப் போனியே, அதுக்கப்புறம். சென்னையிலருந்து அந்த சத்தியராஜ் சாரு போன் பண்ணி என்னென்னமோ கேட்டாரு. டிஸ்க்கு செத்துப் போச்சாம். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குப் புதுசு வருமாம், பழசைக் கழத்திக் கொண்டு போயிருவாவளாம்."

பழசைக் கழற்றிக் கொண்டுபோவதா! பழசு போனால் சண்முகவடிவின் படமும் அதோடு போகும். பிரீனா ஓடிப்போய்ச் சத்தியராஜின் நம்பரை எடுத்துப் பேசினாள். சர்வரை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் அவன். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான்.

"மேடம், ரெண்டு டிஸ்க்குமே போயிடுச்சு. முதல்ல கேபிள்னுதான் நான் நினைச்சேன். கேபிளை மாத்தியாச்சுன்னு உங்க ஸ்டாஃபே சொன்னாங்க. மாத்தியும் எரர் வருது. அப்போ டிஸ்க்தானே? ரிப்போர்ட்லயும் எழுதிட்டேன்."

ரிப்போர்ட்டை மெயிலில் திறந்து பார்த்தாள். எழுதித்தான் இருந்தது. 'கேபிள் மாற்றப்பட்டது. பிழை தொடர்கிறது. இரு டிஸ்க்குகளும் பழுது.' எழுத்தில் வந்துவிட்டால் அதற்குமேல் யாராவது சந்தேகப்படுவார்களா? பிரீனாவும் படவில்லை. அவள் சந்தேகப்பட்டது வேறு இடத்தில். அந்தச் சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும், ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்று. அப்படிப்பட்ட இரண்டும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில், சொல்லி வைத்தாற்போல் சாகுமா? யாரிடம் கதை விடுகிறார்கள்!

டாக்டர் ஜெயசிங் அறைக்குள் கதவைத் தட்டாமலே போய்விட்டாள்.

"சார், டிஸ்க் ரெண்டும் சாகல. எனக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் சர்வரைத் தாங்க."

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அதுக்கு ஆளு இருக்கு பிரீனா. நீ டோக்கனைப் பாரு."

"சார், இங்க வாறதுக்கு முன்ன மூணு வருஷம் இதுதான் எனக்கு ஜோலி. டிஸ்க் கண்ட்ரோலருக்க டிரைவரை டெஸ்ட் பண்ணுதது."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். இருபது பேர் ஸ்கேனுக்குக் காத்திருக்கிறார்கள், அவர் கவலை அவருக்கு. "செரி. பன்னெண்டு மணி. பன்னெண்டு அஞ்சுன்னு வந்து நிக்கப்பிடாது" என்றார்.

பிரீனா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். முதல் வேலையாக, டிஸ்க்கில் எதையும் எழுதாதே, வாசிக்க மட்டும் செய் என்று மிஷினுக்குக் கட்டளை போட்டாள். பிறகு இரண்டு டிஸ்க்குகளையும் தனித்தனியே விசாரித்தாள். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு குறிப்பு வைத்திருக்கும். தன் தட்டில் கெட்டுப்போன இடம் எத்தனை என்று அதில் ஒரு எண். கண்ட்ரோலருக்குப் போகிற வழியில் சிதைந்துபோன சரக்கு எத்தனை என்று வேறொரு எண். முதல் டிஸ்க்கில் கெட்ட இடம் பூஜ்யம், வழியில் சிதைந்தது நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு. இரண்டாவதிலும் கெட்ட இடம் பூஜ்யம், வழியில் சிதைந்தது ஐயாயிரத்துச் சொச்சம்.

"பூஜ்யம்! பாத்தியளா எக்கா, பூஜ்யம்!" என்று பிரீனா துள்ளினாள். லீலாபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. பூஜ்யத்துக்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார்.

டிஸ்க் குற்றவாளி இல்லை. வழிதான் கெட்டிருக்கிறது. வழி என்றால் கேபிள், கண்ட்ரோலர், டிரைவர். கேபிளைத்தான் மாற்றியாகிவிட்டதே! மிச்சம் இரண்டு. மிஷினின் நாட்குறிப்பான லாக்கில் முதல் பிழை எப்போது வந்தது என்று தேடினாள். புதன்கிழமை காலை எட்டு ஐம்பத்திரண்டு. அதற்கு முந்தின செவ்வாய் ராத்திரிதான் சத்தியராஜ் சென்னையிலிருந்தபடியே லினக்ஸுக்குப் புது அப்டேட் போட்டிருக்கிறான். புதன் காலை மிஷின் புது டிரைவரோடு எழுந்திருக்கிறது, எழுந்ததும் கத்தத் தொடங்கியிருக்கிறது. இனி என்ன வேண்டும்? கையும் களவுமாக அகப்பட்டான் என்று பிரீனா தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

லினக்ஸில் ஒரு நல்ல குணம். புதுசு வந்தாலும் பழசைத் தூக்கி எறியாது. மிஷின் எழும்போது எது வேண்டும் என்று கேட்கும். பிரீனா பழசைத் தேர்ந்தெடுத்தாள். மிஷின் எழுந்தது. ஒரு நிமிடம் போனது, கூச்சல் இல்லை. இரண்டு நிமிடம், இல்லை. பட்டியல் வந்தது. சண்முகவடிவு, பெண், நாற்பத்தாறு, மே மாதம் 2021. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

"அம்மா, ஒங்க பேரு வந்துட்டு!" என்று அவள் போட்ட சத்தம் முன்னறைக்குக் கேட்டது. முருகதாஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

படங்கள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின. தோள், கழுத்தெலும்பு, நெஞ்சின் மேல்பகுதி. நாற்பதாவது படத்தில் திரை அப்படியே நின்றது. பிறகு ஒரு வரி வந்தது. 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்.'

முருகதாஸுக்கு அந்த வரி புரியாது. ஆனால் பிரீனாவின் முகம் புரிந்தது. திரும்பிப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிரீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா, முழுதும் வருவதற்குள் ஏன் கூவினேன் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மணி பத்து ஐம்பது. விட்டுவிடுகிறவளா அவள்? டிரைவருக்கு இன்னொரு கட்டளை போட்டாள். வேகமாகப் போகாதே, நடந்து போ, ஒரு நேரத்தில் ஒரு காரியம் மட்டும் கேள். மிஷினைத் திரும்ப எழுப்பினாள். இந்தத் தடவை கூச்சல் குறைந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் தன் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க விட்டாள். இருபது, முப்பது, ஐம்பது, அறுபத்து மூன்று. அங்கே நின்றது. அரை நிமிடம் திணறி, அறுபத்து நாலு. மறுபடி நின்றது. கட்டி இருக்கிற இடம் நூற்றைம்பதுக்கு மேல் என்று சண்முகவடிவு பையில் கொண்டுவந்த புது ஸ்கேன் ரிப்போர்ட் சொல்கிறது. இந்தப் போக்கில் போனால் நாளைக் காலையில் ஆப்பரேஷன் முடிந்த பிறகுதான் படம் வரும்.

டிரைவரும் இல்லையென்றால் கண்ட்ரோலர். கண்ட்ரோலர் மதர்போர்டிலேயே பதிந்து கிடக்கிறது. அது கெட்டிருந்தால் வேறு போர்டுக்கு எங்கே போவது? நாகர்கோவிலுக்குப் போய் வருவதற்குள் பன்னிரண்டு தாண்டிவிடும். பிரீனா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

லீலாபாய் சாயா கொண்டுவந்தார். முதலில் முன்னறையில் சண்முகவடிவிடம் நீட்டினார். "வேண்டாம்மா, மூணு நாளா ஒண்ணும் எறங்கல்ல" என்று அவர் சொன்னது உள்ளே பிரீனாவுக்குக் கேட்டது. அந்த கிளாஸைத்தான் லீலாபாய் பிரீனாவுக்குக் கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்தார். பிரீனா கவனிக்காமல் கையை வீசினாள்.

"எம்மோ! தட்டிருவ மக்ளே. அந்த கிளாஸை மாத்தி வை" என்றார் லீலாபாய்.

பிரீனா கிளாஸை எடுத்து மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். கை கிளாஸை விடவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"எக்கா. நேத்து அந்த சத்தியராஜ்கிட்ட என்ன சொன்னிய?"

"என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல்லியே."

"வயரைப் பத்திக் கேட்டாருல்லா? அப்பம் என்ன சொன்னிய? ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லுங்க."

லீலாபாய் யோசித்தார். "வயரைத் தொட்டீங்களான்னு கேட்டாரு. ஆமா சார், காலையில செவப்பு வயரை மாத்தி வச்சேன்னு சொன்னேன். நல்லதும்மான்னு சொன்னாரு."

கேட்டீர்களா! ஒரே ஒரு வார்த்தை. சென்னைக்காரனுக்கு மாத்தி வச்சேன் என்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டேன் என்று அர்த்தம். புதுக்கடையில் மாத்தி வச்சேன் என்றால் ஓரமாக ஒதுக்கி வைத்தேன் என்று அர்த்தம். குளச்சலில் கேட்டாலும் மார்த்தாண்டத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அவன் காதில் விழுந்ததை அவன் எழுதினான். அவன் எழுதியதை பிரீனா நம்பினாள். மாத்தி வை என்று பால் குடிக்கிற நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள், 'கேபிள் மாற்றப்பட்டது' என்று அச்சுத் தமிழில் வந்ததும் அப்படியே விழுங்கிவிட்டாள். ஏமாளி என்று யாரையாவது சொல்ல வேண்டும் என்றால் முதலில் அவளைத்தான் சொல்ல வேண்டும்.

"ஐயோ எக்கா!" என்று கத்திக்கொண்டு பிரீனா தரையில் மண்டியிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டாள். காலையில் பார்த்தபோது, கேபிள்களை யாரோ ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கிறார்களே, நல்ல வேலை என்று நினைத்திருந்தாள். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தாள். சிவப்புக் கேபிள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் அமுக்கி மடித்து, வாழைநாரால் இறுக்கி மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பூக்கட்டுகிற முடிச்சு. மடித்த இடத்தில் கேபிள் வெளிறிப் போயிருந்தது.

"மடிக்கப்பிடாதா மக்ளே?" லீலாபாய் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அந்த டேபிள் ஃபேன் காத்துல வயரு ஆடி ஆடி உள்ள இருக்க குட்டி ஃபேன்ல போய் முட்டுச்சு. அறுத்துக்கிடும்னு பயந்துதான் கட்டி மாத்தி வச்சேன். நானா கெடுத்தேன்? அந்த அம்மைக்க படம் என்னாலயா போச்சு?"

"ஒண்ணும் போகல்ல. நீங்க இப்பம் கிளாஸை மாத்தி வையின்னு சொல்லலன்னா நான் பன்னெண்டு மணி வரைக்கும் டிரைவரைத்தான் வைதுட்டு இருந்திருப்பேன்" என்று பிரீனா அவர் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். "கத்திரிக்கோலை எடுங்க, ஓடுங்க!"

எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துவிட்டிருக்கிறது, பாருங்கள். புதன் காலை எட்டரைக்கு மிஷின் புது டிரைவரோடு எழுந்தது. அதே நேரத்தில்தான் லீலாபாய் அறையைத் துடைத்து வயரைக் கட்டினார். பாவம் அந்த டிரைவர், வழியில் சரக்கு சிதைகிறது, வழியில் சரக்கு சிதைகிறது என்று ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. கத்தினவன் தலையிலேயே பழியைப் போட்டாயிற்று.

வாழைநாரை வெட்டியாயிற்று. ஆனால் அப்படி மடிந்த கேபிளை இனி நம்ப முடியாது. புதுக் கேபிளுக்கு எங்கே போவது? மணி பதினொன்று இருபத்தைந்து. பிரீனா முன்னறைக்கு ஓடி, தன் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்து தகட்டைக் கழற்றினாள். சிடி எழுதுகிற டிரைவிலிருந்து ஒரு கேபிள் தொங்கியது, அதே ஜாதிக் கேபிள். இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது ஒரே சரக்குதானே, ஒன்றை எழுப்பினால் போதும். பிடுங்கினாள். டோக்கன் வாங்க நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "டோக்கன் கொஞ்சம் பொறவு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

முதல் டிஸ்க்குக்குக் கேபிளை மாட்டினாள். இரண்டு முனையும் டக் டக்கென்று உட்கார்ந்தன. ஸ்விட்சைப் போட்டாள். பழைய டிரைவர்கூட வேண்டாம், வேகத்தைக் குறைக்கவும் வேண்டாம், புதுசே எழட்டும், பார்த்துவிடலாம் என்று விட்டாள். அவளுக்கு அவ்வளவு தைரியம் வந்துவிட்டது. சிதைந்த சரக்கின் எண்ணைப் பார்த்தாள். நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழோடு சேர்ந்து காலையிலிருந்து ஏறியதும் இருந்தது. அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள். படங்களைத் திறந்தாள்.

நாற்பது. தாண்டியது. அறுபத்து நாலு. தாண்டியது. நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று படங்கள் பொலபொலவென்று வந்தன. லீலாபாய் வாய்க்குள்ளே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு! சீட்டில் எழுதிய எண்ணையும் திரையில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டாள். ஒன்றுகூட ஏறவில்லை.

இந்தத் தடவை பிரீனா கூவவில்லை. நேராக டாக்டரிடம் போய், "சார், படம் இருக்கு. வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள். கால் நிலத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தது, அதை அவளால் அடக்க முடியவில்லை.

டாக்டர் ஜெயசிங் வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தார். இடது பக்கம் புது ஸ்கேன், வலது பக்கம் 2021. உருட்டி உருட்டிப் பார்த்தார். நூற்று எழுபத்து மூன்றாவது படத்தில் நிறுத்தினார். முருகதாஸும் சண்முகவடிவும் கதவோரத்தில் நின்றார்கள். டாக்டர் கோடு போட்டு அளந்தார். ஒரு தடவை அளந்தது போதாமல் மறுபடி அளந்தார்.

"பதினொண்ணு புள்ளி எட்டு" என்றார். "இப்பம் பன்னெண்டு. இது ஒண்ணும் வளர்ச்சி இல்ல. அளக்கதுல வாற வித்தியாசம். அன்னைக்கு எல்லாவரும் கொரோனாவைத்தான் தேடுனோம், இதை யாரும் கவனிக்கல்ல. இது அப்பமே அங்க இருந்திருக்கு. முடிவை அங்க உள்ள டாக்டர்தான் சொல்லணும். இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க."

"அய்யா உண்டு" என்று முருகதாஸ் கையைக் கூப்பினார். அதே மூச்சில் லீலாபாயும் "ஸ்தோத்திரம்" என்றார். சண்முகவடிவு துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்போது புதுத் தலைவலி. சிடியில் எழுதிக் கொடுக்கலாம் என்றால், சிடி டிரைவின் வயரைத்தானே பிடுங்கியாயிற்று! சென்டரில் இருந்த பென் டிரைவ் எதுவும் கையில் அகப்படவில்லை.

"டிரைவர் எங்க? டிரைவர்!" என்று முருகதாஸ் கத்தினார்.

"டிரைவருக்க மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி" என்றார் லீலாபாய் அவசரமாக. அவர் காலையிலிருந்து கேட்டது வேறு டிரைவர்.

முருகதாஸ் தேடியது டாக்சி டிரைவர் பெனிஷை. அவன் ஓடிப்போய்க் காரில் பாட்டுக்குச் செருகி வைத்திருந்த பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். "உள்ள நானூறு பாட்டு இருக்கு எக்கா, அழிச்சிராதிய" என்றான். பிரீனா ஒரு பாட்டையும் அழிக்கவில்லை. பாட்டுகளுக்கு நடுவே சண்முகவடிவின் நெஞ்சை முந்நூற்றுப் பன்னிரண்டு படமாக வைத்துக் கொடுத்தாள். டாக்சி பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கிளம்பியது. அது வளைவில் திரும்பும்போதுதான் புது டிஸ்க்கோடு கம்பெனி ஆள் பைக்கில் வந்து இறங்கினான். டாக்டர் வாசலிலேயே நின்று, "டிஸ்க் வேண்டாம் தம்பி. ரெண்டு கேபிள் இருந்தா குடுத்துட்டுப் போ" என்று அவனைத் திருப்பி அனுப்பினார். உள்ளே வந்து பிரீனாவிடம், "இனி டோக்கனுக்கு வேற ஆளு பாக்கணும் போல இருக்கே" என்றார். அவள் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மணி ஆனது, போன் வரவில்லை. மூன்றரை. லீலாபாய் ஒரே மேசையை நாலு தடவை துடைத்தார். நாலு மணி பத்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. முருகதாஸ்.

"மக்ளே, ஆப்பரேஷனை மாத்தி வச்சாச்சு!"

இந்தப் பாழாய்ப் போன வார்த்தை பிரீனாவை விடாது போலிருக்கிறது. மாத்தி வச்சாச்சு என்றால் தள்ளிப் போட்டாயிற்று என்றும் அர்த்தம் உண்டே!

"எந்தத் தேதிக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"தேதியா? என்ன தேதி?"

"மாத்தி வச்சது எந்தத் தேதிக்கு?"

"அட நீ ஒண்ணு! தேதியெல்லாம் இல்ல மக்ளே. வேண்டாம்னு மாத்தி வச்சாச்சு. இனி வருஷத்துக்கு ஒருக்க படம் எடுத்துப் பாத்தா போதுமாம். இந்தா, இவ பேசணுங்கா."

போன் கை மாறியது. ஏதோ மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிரீனா ஸ்பீக்கரைப் போட்டாள். லீலாபாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"மக்ளே" என்றார் சண்முகவடிவு. "ஆஸ்பத்திரி கேன்டீன்ல இருக்கேன். இது ரெண்டாவது தோசை. இன்னும் பசிக்குது."